மருந்துக்கு மசியாத மனச்சோர்வு: மின்தூண்டல் உண்டு, காப்பீடு எங்கே?

ஹைதராபாத்: சென்னைவாசிகள் ஒருவரைக் கேலி செய்ய "கீழ்ப்பாக்கம்" என்று சொல்வதைப் போல, ஹைதராபாத்வாசிகள் "எர்ரகட்டா" என்பார்கள். நிஜாம் ஆட்சிக் காலத்தில் ஜால்னாவில் இருந்த மனநலக் காப்பகம் பின்னர் இந்த நகருக்கு மாற்றப்பட்டு, இன்று அரசு மனநல மருத்துவ நிலையமாக எர்ரகட்டாவில் இயங்கி வருகிறது. அந்தப் பெயர் வசைச் சொல்லாக மாறிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. வாசலை மிதித்தாலே ஊர் என்ன சொல்லுமோ என்று அஞ்சி வீட்டுக்குள்ளேயே முடங்கிய நோயாளிகளுக்கும் கணக்கில்லை.

இதே நகரின் மேற்கு எல்லையில், கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த நானக்ராம்குடா பகுதியில், மனநோயாளிகளின் தலைவிதியோடு நேரடித் தொடர்புள்ள இன்னோர் அலுவலகம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் தில்லியில் இருந்து இங்கு வந்து சேர்ந்த இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம்தான் அது. மருந்து மாத்திரைகளால் தீராத மனச்சோர்வுக்கு மூளையையும் நரம்பையும் மின்சாரத்தாலோ காந்தப் புலத்தாலோ தூண்டும் சிகிச்சைகள் நாட்டின் பெருநகரங்களில் பெருகி வருகின்றன. ஒன்றோடு மற்றொன்றைச் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிகளும் தொடங்கியுள்ளன. இந்தச் சிகிச்சை யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை எர்ரகட்டாவின் மருத்துவர்களைவிட நானக்ராம்குடாவின் சுற்றறிக்கைகளே பெரிதும் தீர்மானிக்கின்றன என்றால் அது மிகையல்ல.

எத்தனை பேருக்கு மருந்து பலிப்பதில்லை?

தகுந்த அளவில், தகுந்த காலம் வரை, குறைந்தது இரண்டு மருந்துகளைக் கொடுத்தும் குணம் காணாத நிலையை "மருந்துக்கு மசியாத மனச்சோர்வு" என்று மருத்துவர்கள் வரையறுக்கிறார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 2006-ம் ஆண்டு முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முதல் மருந்திலேயே நோய் நீங்கியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மூன்றாவது, நான்காவது மருந்துக்கு மாற்றப்பட்டவர்களில் நோய் நீங்கியவர்கள் 100-க்கு 15 பேருக்கும் குறைவு. நான்கு கட்டங்களையும் சேர்த்தால் மூன்றில் இரு பங்கினர் தேறுவார்கள் என்று அப்போது கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கே மிகைப்படுத்தப்பட்டது என்று 2023-ல் வெளியான மறு ஆய்வு வாதிட்டது. எந்தக் கணக்கை ஏற்றாலும், மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுப்பதால் பலன் காணாத ஒரு பெருங்கூட்டம் எஞ்சுகிறது.

இந்தியாவைப் பொருத்தவரை, பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பே இன்றும் ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் வயது வந்தோரில் 5.2 சதவீதம் என்றது அது. மனச்சோர்வு உள்ளிட்ட பொதுவான மனநோய்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்கு எந்தச் சிகிச்சையும் எட்டவில்லை என்றும் அது கூறியது. 12 மாநிலங்களில் நடந்த அந்தக் கணக்கெடுப்பில் தமிழகம் இடம் பெற்றிருந்தது. தெலங்கானாவும் ஆந்திரமும் இடம் பெறவில்லை. ஆனால் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, லட்சம் பேருக்கு 12.4 என்ற தேசியத் தற்கொலை விகிதத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விகிதம் பதிவான மாநிலங்களில் தெலங்கானாவும் உண்டு, தமிழகமும் உண்டு. புதுச்சேரியின் விகிதம் 29.7. எல்லாத் தற்கொலைகளுக்கும் மனச்சோர்வே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கடன், வேலையின்மை, குடும்ப வன்முறை ஆகியவற்றை மறைத்துவிட்டு எல்லாவற்றையும் மூளை வேதியியலின் கணக்கில் எழுதுவது ஆட்சியாளர்களுக்கு மிகவும் வசதியான காரியம். எனினும், சிகிச்சை எட்டாமலே மாண்டவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

குளோரோஃபார்ம் நகரம்

தூண்டல் சிகிச்சைகளில் மூத்தது மின்னதிர்வு சிகிச்சை. நம் ஊர்களில் "கரண்ட் வைப்பது" என்று அச்சத்தோடு பேசப்படுவது. இத்தாலியின் ரோம் நகரில் 1938-ல் செர்லெட்டி, பினி ஆகிய இருவர் தொடங்கி வைத்த இந்த முறை, அடுத்த சில ஆண்டுகளிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. தலையில் சில நொடிகள் மின்சாரம் செலுத்தி, மூளையில் கட்டுப்பாடான வலிப்பை உண்டாக்குவதே இதன் அடிப்படை. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று என, மொத்தம் 6 முதல் 12 முறை கொடுக்கப்படுகிறது. திரைப்படங்கள் இதைத் தண்டனையாகவும் சித்திரவதையாகவுமே காட்டிப் பழக்கிவிட்டன. கடுமையான மனச்சோர்வுக்கு இன்றளவும் இதைவிட வலிமையான சிகிச்சை அரிது என்பது மருத்துவ உலகின் பொதுவான கருத்து. நினைவு மறதி இதன் உண்மையான பக்கவிளைவு. அதைப் பொய் என்று தள்ளிவிடும் மருத்துவர்கள் நோயாளியின் நம்பிக்கையை இழக்கிறார்கள்.

அச்சத்துக்குக் காரணம் திரைப்படம் மட்டுமல்ல. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்தால் நோயாளிக்கு எதுவும் தெரியாது, உடல் துள்ளாது, எலும்பு முறியாது. ஆனால் மயக்கவியல் நிபுணர் இல்லை, செலவு அதிகம் என்ற காரணங்களைச் சொல்லி, நாட்டின் பல மருத்துவமனைகளில் இந்த நூற்றாண்டிலும் அவை இல்லாமலே மின்னதிர்வு கொடுக்கப்பட்டு வந்தது. இங்கே ஹைதராபாத்தின் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. குளோரோஃபார்ம் கொடுக்கும்போது முதலில் நிற்பது இதயமா, சுவாசமா என்று மேலை நாட்டு மருத்துவர்கள் மோதிக்கொண்டிருந்த காலத்தில், அதை ஆராய 1888-லும் 1889-லும் இரண்டு ஆணையங்கள் அமைக்கப்பட்டது இந்த நகரில்தான். ஆறாவது நிஜாம் மகபூப் அலி கானின் அரசு பணம் கொடுத்தது; எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் முன்னின்று நடத்தினார்; லண்டனின் லான்செட் இதழ் தன் சார்பில் நிபுணரை அனுப்பி வைத்தது. லாரியின் முடிவுகளைப் பின்னாளைய அறிவியல் முழுமையாக ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். மயக்க மருந்தைப் பற்றி உலகத்தோடு வாதாடிய நகரைக் கொண்ட நாடு, நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தன் மனநோயாளிகளுக்கு அந்த மயக்க மருந்தைக் கொடுக்கத் தயங்கியது.

இந்த நிலையை மாற்றியது நீதிமன்றமும் நாடாளுமன்றமும். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் 28 மனநோயாளிகள் தீக்கிரையானதைத் தமிழ் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. உச்ச நீதிமன்றம் தாமாகவே அந்த விவகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில், மயக்கமின்றி மின்னதிர்வு கொடுப்பதைத் தடை செய்யக் கோரி தில்லியைச் சேர்ந்த சார்தக் அமைப்பு பொதுநல வழக்குத் தொடர்ந்தது. மாநிலங்களவையில் 2013-ல் அறிமுகமான மனநலப் பராமரிப்பு மசோதா, 2016 ஆகஸ்டில் அங்கும் 2017 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறி, 2018 மே 29 முதல் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. தசைத் தளர்வு மருந்தும் மயக்கமும் இல்லாத மின்னதிர்வை அதன் 95-வது பிரிவு அடியோடு தடை செய்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டுமானால் காப்பாளரின் ஒப்புதலும் மனநல வாரியத்தின் முன் அனுமதியும் தேவை. அவசர சிகிச்சை என்ற பெயரிலும் மின்னதிர்வு கொடுக்க முடியாது.

உரிமை அமைப்புகள் இதை வெற்றி என்றன. மருத்துவர்களில் ஒரு சாரார், மயக்கவியல் நிபுணரே இல்லாத மாவட்ட மருத்துவமனையில் உயிருக்குப் போராடும் நோயாளியை என்ன செய்வது என்று கேட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நிபுணரை நியமிக்க வேண்டிய அரசின் கடமையைச் சட்டத்தின் குறையாகக் காட்டுவதை மட்டும் ஏற்க முடியாது.

காந்தமும் காது மடலும்

மின்னதிர்வுக்குப் பிறகு வந்த முறைகள் மென்மையானவை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் 1985-ல் உருவாக்கிய காந்தத் தூண்டல் கருவியில், தலையின் மீது வைக்கப்படும் சுருள் வழியாக விட்டுவிட்டுப் பாயும் காந்தப் புலம், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் புறணியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மயக்கம் தேவையில்லை, நோயாளி விழித்தபடி நாற்காலியில் அமர்ந்திருப்பார், முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2008-ல் இதை மனச்சோர்வுக்கு அனுமதித்தது. வாரத்துக்கு 5 நாள், 4 முதல் 6 வாரங்கள் என்பது வழக்கமான அட்டவணை. ஒவ்வோர் அமர்வும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி நீடித்த காலம் உண்டு. 3 நிமிட அமர்வும் அதற்கு ஈடானதே என்று கனடாவில் 414 நோயாளிகளிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டைப் போன்று கருவி குறைவாகவும் கூட்டம் அதிகமாகவும் உள்ள இடத்துக்கு இது சிறிய செய்தி அல்ல. ஹைதராபாத் ஆஷா மருத்துவமனையின் மனநல மருத்துவர் எம்.எஸ். ரெட்டியும் உடன் பணியாற்றியவரும், மனச்சோர்வில் காந்தத் தூண்டல் எங்கே நிற்கிறது என்பதை 2017-லேயே இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் விவாதித்துள்ளனர்.

ஒரு நாளைக்கு 10 அமர்வுகள் வீதம் 5 நாளில் முடிக்கும் ஸ்டான்ஃபோர்ட் முறை 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில், உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 79 சதவீதம் பேரும், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 13 சதவீதம் பேரும் நான்கு வாரங்களுக்குள் நோய் நீங்கிய நிலையை எட்டினர். கண்ணைப் பறிக்கும் எண்தான். ஆனால் ஆய்வில் பங்கேற்றவர்கள் மொத்தம் 29 பேர்!

நரம்பு வழியாக மூளையை அடைவது இன்னொரு பாதை. மூளைத் தண்டில் இருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் பத்தாவது கபால நரம்பான வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை, கீழிருந்து மேலே மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை. இதயத் துடிப்புக் கருவியைப் போன்ற ஒன்றை இடது மார்பின் தோலுக்கடியில் பொருத்தி, கழுத்தில் உள்ள நரம்பில் மின்கம்பியைச் சுற்றி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை 30 நொடி வீதம் தூண்டுவார்கள். வலிப்பு நோய்க்காக 1997-லும், மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்காக 2005-லும் அமெரிக்கா இதை அனுமதித்தது. அரசுக் காப்பீடு மட்டும் சான்று போதாது என்று 2007-ல் கையை விரித்துவிட்டது. 2019-ல், ஆய்வில் சேருபவர்களுக்கு மட்டும் பணம் தரச் சம்மதித்தது. 493 பேரைக் கொண்ட அந்தப் பெரிய ஆய்வின் முடிவு 2024 இறுதியில் வெளியானது. கருவியை இயக்கியவர்களுக்கும், பொருத்திவிட்டு இயக்காமல் வைத்திருந்தவர்களுக்கும் இடையே முதன்மை அளவீட்டில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. வேறு சில அளவீடுகளில் பலன் தெரிந்தது. சான்று கேட்ட பிறகே பணம் தருவது என்ற அந்த நடைமுறையை நம் ஒழுங்காற்று அமைப்புகள் கவனிக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு மாற்றாக, வேகஸ் நரம்பின் கிளை ஒன்று காது மடலின் உட்குழிவில் தோலுக்கு அருகே ஓடுவதைப் பயன்படுத்தி, காதில் சிறு மின்முனையைப் பொருத்தித் தூண்டும் முறையும் வந்துள்ளது. சீனாவில் இதற்கான ஆய்வுகள் அதிகம்.

சேர்த்துக் கொடுத்தால்?

சேர்க்கைச் சிகிச்சையின் வேர், மின்னதிர்வின் பெரிய பலவீனத்தில் இருக்கிறது. அது வேகமாகக் குணப்படுத்துகிறது. ஆனால் குணம் நிலைப்பதில்லை. 2001-ல் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில், மின்னதிர்வால் தேறியவர்களுக்கு அதன் பின் வெறும் போலி மாத்திரை கொடுத்தபோது 24 வாரங்களுக்குள் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ஒரு மருந்து கொடுத்தவர்களில் 60 சதவீதம். அதனுடன் லித்தியமும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 39 சதவீதம். ஆக, சேர்க்கை என்பது புதிய மோகம் அல்ல. முதல் சிகிச்சை மீட்டவரைத் தாங்கிப் பிடிக்க இரண்டாவது தேவைப்படுகிறது. அந்த இரண்டாவது மருந்தாகத்தான் இருக்க வேண்டுமா, காந்தத் தூண்டலாகவோ நரம்புத் தூண்டலாகவோ இருக்கலாமா என்பதே இன்றைய ஆராய்ச்சி.

இன்னொரு வாதமும் உண்டு. வேகஸ் நரம்பைத் தூண்டும்போது மூளைத் தண்டில் நார் அட்ரினலின் சுரக்கும் பகுதி விழிப்படைகிறது. அந்த விழிப்பு நிலையில் மூளைப் புறணி மாற்றத்தை எளிதில் ஏற்கும்; உழுத நிலத்தில் விதைப்பது போல, அந்த நேரத்தில் காந்தத் தூண்டல் கொடுத்தால் பலன் கூடக்கூடும் என்பது கருதுகோள். கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் மார்பில் வேகஸ் கருவி பொருத்தியவரின் தலையருகே வலிமையான காந்தச் சுருளைக் கொண்டு செல்வது ஆபத்து என்று கருவித் தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். மின்னதிர்வு கொடுக்கும்போதும் அந்தக் கருவியை அணைத்து வைக்கிறார்கள். எனவேதான் ஆய்வாளர்கள் காது வழித் தூண்டலைக் காந்தத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள். அந்த ஆய்வுகள் இதுவரை சிறு குழுக்களோடு நிற்கின்றன.

மென்மின்னோட்ட முறையின் அனுபவம் இங்கே பாடமாகக் கொள்ளத்தக்கது. இரண்டு மின்முனைகளை நெற்றியில் வைத்து மிகக் குறைந்த மின்சாரம் செலுத்தும் மலிவான முறை இது. பிரேசிலில் 120 பேரைக் கொண்டு நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், இந்த மின்னோட்டத்தையும் செர்ட்ராலின் மாத்திரையையும் சேர்த்துப் பெற்றவர்கள், தனித்தனியே பெற்றவர்களைவிட நன்கு தேறினர். உலகமே உற்சாகமடைந்தது. ஆனால் ஜெர்மனியில் நடந்து 2023-ல் லான்செட் இதழில் வெளியான பெரிய ஆய்வில், மாத்திரையோடு மின்னோட்டம் சேர்த்ததற்கும் போலி மின்னோட்டம் சேர்த்ததற்கும் வேறுபாடு இல்லை. காந்தத் தூண்டலோடு உளவியல் ஆலோசனையைச் சேர்த்த நெதர்லாந்து ஆய்வில், 196 பேரில் பாதிக்கும் அதிகமானோர் குணமடைந்ததாக 2018-ல் கூறப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை.

நிலைமை இப்படி இருக்க, பெருநகரத் தனியார் மையங்கள் சில, ஒரே விலையில் இரண்டு மூன்று தூண்டல்களை "பேக்கேஜ்" ஆக விற்கத் தொடங்கிவிட்டன. மருத்துவக் கருவிகள் அனைத்தையும் 2020 ஏப்ரல் முதல் மருந்துகளுக்கு உரிய கட்டுப்பாட்டின் கீழ் மத்திய அரசு கொண்டு வந்தது உண்மைதான். ஆனால் தில்லியில் உள்ள மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு கருவிக்குத்தான் உரிமம் தருகிறது. இரண்டு கருவிகளை ஒரே நோயாளிக்கு எந்த வரிசையில், எந்த அளவில் கொடுக்கலாம் என்பதை அந்த உரிமம் சொல்வதில்லை.

யார் பணம் கொடுப்பது?

மனநலச் சட்டத்தின் 21-வது பிரிவு, உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் கட்டளையிடுகிறது. ஹைதராபாத் ஆணையம் 2018 ஆகஸ்டிலேயே இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. நிறுவனங்கள் அசையவில்லை. 2020-ல் உச்ச நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. 2021-ல் தில்லி உயர் நீதிமன்றம் ஒரு நோயாளியின் வழக்கில் அரசு நிறுவனம் ஒன்றைக் கண்டித்து, ஆணையத்தின் மேற்பார்வையையும் கேள்விக்கு உள்ளாக்கியது. அதன் பிறகு, 2022 அக்டோபர் 31-க்குள் எல்லாப் பாலிசிகளிலும் மனநோயைச் சேர்க்க வேண்டும் என்று ஆணையம் மீண்டும் கெடு விதிக்க வேண்டியதாயிற்று. நாடாளுமன்றம் இயற்றிய ஒற்றை வரியை நடைமுறைக்குக் கொண்டுவர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்த வரி தூண்டல் சிகிச்சைக்குப் பொருந்துமா என்பது அடுத்த சிக்கல். ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காப்பீட்டில் இருந்து ஒதுக்கக் கூடாத 12 நவீன சிகிச்சை முறைகள் பட்டியலிடப்பட்டன. மண்டையோட்டைத் துளைத்து மூளையின் ஆழத்தில் மின்முனை பதிக்கும் ஆழ்மூளைத் தூண்டல் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது. பல லட்சம் ரூபாய் செலவாகும் அந்த அறுவை சிகிச்சை, பஞ்சகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்திலும் பார்க்கின்சன் நோயாளிகளுக்குச் செய்யப்படுகிறது. காந்தத் தூண்டல் பட்டியலில் இல்லை. 2024 மே மாதம் பழைய சுற்றறிக்கைகள் பலவற்றைத் தொகுத்து ஆணையம் புதிய சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேர உள்நோயாளி சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டவை. ஆறு வாரம் தினமும் வந்து அரை மணி நேரம் அமர்ந்துவிட்டுப் போகும் நோயாளி, கட்டிலில் படுக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் கைக்காசைச் செலவிட வேண்டியிருக்கிறது. படுத்தால் பணம், நடந்து வந்தால் இல்லை என்ற இந்த விநோதம், தேவையில்லாமல் படுக்கையில் சேர்ப்பதையே ஊக்குவிக்கும்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018-ல் தொடங்கியபோது, அதன் மனநோய்ப் பிரிவில் மின்னதிர்வுக்கும் காந்தத் தூண்டலுக்கும் இடம் தரப்பட்டது. ஏழைகளுக்கான அரசுத் திட்டம் ஏற்றதை, பிரீமியம் வாங்கும் நிறுவனங்கள் ஏற்கத் தயங்குவதற்கு விளக்கம் தேவை. ஆனால் ஏட்டில் இடம் இருந்தால் போதாது. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், கருவியும் அதை இயக்கப் பயின்றவரும் எத்தனை அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள் என்ற கேள்வியை மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

ஆழ்மூளைத் தூண்டலை மனச்சோர்வுக்குப் பயன்படுத்துவது இன்னும் சோதனை நிலையில்தான் உள்ளது. கனடாவின் டொரான்டோவில் ஹெலன் மேபெர்க் குழுவினர் 2005-ல் ஆறு நோயாளிகளிடம் செய்து நால்வரைத் தேற்றினர். பின்னர் 90 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு பலன் தெரியாமல் பாதியில் நிறுத்தப்பட்டது. நம் சட்டத்தின் 96-வது பிரிவு, மனநோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்ய நோயாளியின் ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. மின்முனை பதிப்பது அதில் அடங்குமா என்று சட்டம் பெயர் சொல்லிக் கூறவில்லை. அடங்கும் என்று கொள்வதே நோயாளிக்குப் பாதுகாப்பு. ஆனால் அனுமதி தர வேண்டிய வாரியங்களை அமைப்பதிலேயே பல மாநில அரசுகள் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்தின.

அதே சட்டத்தின் 5-வது பிரிவை அறிந்தவர்கள் மிகச் சிலர். தான் தெளிவாக இருக்கும் காலத்திலேயே, நாளை நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். மின்னதிர்வு வேண்டாம் என்றோ, காந்தத் தூண்டலைச் செய்து பார்த்துவிட்டு அதன் பிறகு மின்னதிர்வு கொடுக்கலாம் என்றோ எழுதலாம். தனக்காக முடிவெடுக்கும் பிரதிநிதியையும் நியமித்துக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் கிடையாது. இதற்கும் பிற மனநல உதவிக்கும் மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய "டெலி மானஸ்" சேவையை 14416 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம். தமிழிலும் தெலுங்கிலும் பேசுகிறார்கள்.